அரிக்காமல் வார்த்த மருந்து

அந்த மனிதர் மருந்தக ஜன்னலுக்குள்ளால் கையை நீட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்த ஒரு சப்போசிற்றரியை என் முன்னால் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற தலைமை மருந்தாளர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அவர் செய்த முதல் வேலை அந்த மனிதரை ஏசியதுதான்.

“மருந்தை வெட்டச் சொல்லி உமக்கு ஆர் சொன்னது?”

அறுபதைத் தாண்டிய ஒருவரைப் பார்த்து, ‘உங்களுக்கு’ அல்ல, ‘உமக்கு’. ஏசியவருக்கு அவரைவிட ஐந்தாறு வயது குறைவு. வந்தவரின் கணுக்காலில் வயல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. பெற்றோல் இல்லாத காலம். பட்டப்பகல் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். நான் அவருக்காக ஒரு சொல் பேசவில்லை. அந்த மருந்தை இடித்தது நான், உருக்கியது நான், அச்சில் வார்த்தது நான். பேசியிருக்க வேண்டிய ஆள் அந்த அறையில் நான் ஒருத்திதான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மருந்தாளர். வட இலங்கையின் வன்னியில், இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கமாக ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலை பார்த்தேன். அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாட்டில் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை என்று சனம் வரிசையில் நின்ற அந்த வருசத்தில், மருந்தும் இல்லாமல் போனது. லொறி வரும் நாளில் பத்துப் பெட்டி கேட்டால் மூன்று வரும். பிறகு அதுவும் வரவில்லை. எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் மேல்தட்டு சப்போசிற்றரிக்கு உரியது. ஆடி மாதத்துக்குள் அது வெறுந்தட்டாகிவிட்டது.

சப்போசிற்றரி என்றால் மலவாசலுக்குள் வைக்கும் மருந்து. துப்பாக்கி ரவையளவில், கொழுப்பில் செய்திருப்பார்கள். உடம்புச் சூட்டில் கொழுப்பு உருகும், உள்ளே இருக்கும் மருந்து குடற்சுவர் வழியாக இரத்தத்தில் சேரும். எங்கள் சனம் மாத்திரையைக் குளிசை என்னும்; இதை ‘பின்னால வைக்கிற குளிசை’ என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும். விழுங்க முடியாதவர்களுக்கும், குடித்த மருந்தைச் சத்தி எடுத்துவிடும் பிள்ளைகளுக்கும் அதைவிட்டால் ஊசிதான்.

வயல் செய்து பிழைத்த அந்தக் கமக்காரரின் மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரிகளில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடித்து, இனி நோவைக் குறைப்பது மட்டும்தான் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கஞ்சித்தண்ணீரை ஒவ்வொரு மிடறாக இறக்கவே அவ பாடுபட்டா. குளிசை இறங்காது, பாணி மருந்து கொடுத்தால் புரைக்கேறும். ஊசி போட வீட்டுக்குப் போகத் தாதிக்கு வண்டி இல்லை, வண்டி இருந்தாலும் எண்ணெய் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியிலேயே நோவுக்கான ஊசியை எண்ணி எண்ணிக் கொடுத்த காலம்.

குளிசையை இடித்து நாங்களே சப்போசிற்றரி செய்யலாம் என்று சொன்னவர் தலைமை மருந்தாளர்தான். அந்த யோசனையில் ஒரு பிழையும் இல்லை. கோபத்தில் அதை மறைத்தால் நானும் அவரைப்போல ஆகிவிடுவேன். படிக்கிற காலத்தில் எல்லாருமே அதைச் செய்து பழகியவர்கள். பழைய அலுமாரி ஒன்றில் பன்னிரண்டு குழி கொண்ட பித்தளை அச்சு இருந்தது. ஒரு தகரத்தில் கொக்கோக் கொழுப்பு கிடைத்தது. டொக்டரும் சரி என்றார். வீக்கத்தையும் நோவையும் குறைக்கிற ஒரு குளிசை மட்டும் எங்களிடம் தாராளமாக இருந்தது. ஆனால் அது தண்ணீரில் லேசில் கரையாத மருந்து.

நான் பீங்கான் உரலில் குளிசைகளைப் போட்டு இடிக்கத் தொடங்கினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அவர் உரலை எட்டிப் பார்த்தார்.

“காணும், காணும். பொடிஞ்சிட்டுதுதானே. ஊத்தும்.”

“இன்னும் பருக்கையாய்க் கிடக்கு, சேர். அரிச்சுப்போட்டுப் போடுவம்.”

“உள்ளுக்கை போய்க் கரையாத சாமானே? தூள் எண்டால் தூள்தான். எனக்கு வரிசையில நம்பர் வரப்போகுது.”

அவருடைய மோட்டார் சைக்கிள் காலையிலிருந்து பெற்றோல் வரிசையில் நின்றது. அவருடைய மனம் முழுக்க அங்கேதான். அதை நான் இன்று ஒரு நியாயமாக ஏற்கமாட்டேன். வரிசையில் எல்லாருக்கும்தான் வண்டி நின்றது. ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவருக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் தப்பியிருக்கும். அவ்வளவுதான்.

தூள் எண்டால் தூள்தான். மருந்து படித்த ஒருவர் சொன்ன வார்த்தை இது. படிக்காத என் அம்மா அப்படிச் சொல்லமாட்டா. இடியப்பத்துக்கு மா இடித்தால் மூன்று தரம் அரிப்பா. அரிதட்டில் மிஞ்சுகிற கப்பியைத் திரும்ப உரலில் போடுவா. ஏன் என்று கேட்டால், கப்பி மா குழையாது, இடியப்ப உரலின் துளையில் அடைக்கும் என்பா. நானோ அதற்கும் மேலே அறிந்தவள். மலக்குடலுக்குள் இருக்கிற ஈரம் ஒரு தேக்கரண்டி அளவுகூட வராது. லேசில் கரையாத ஒரு மருந்து அந்தச் சொட்டு ஈரத்தில் கரைந்தால்தான் இரத்தத்துக்குப் போகும். ஒரு பருக்கையை நூறாகப் பொடித்தால் ஈரம் தொடுகிற பரப்பு பல மடங்கு கூடும், கெதியாகக் கரையும். பருக்கையாகவே விட்டால் அது அங்கே கல்லுப்போலக் கிடக்கும். கரைய முந்தி வெளியில் போய்விடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வார்த்தேன்.

அதிலும் ஒரு பிழை விட்டேன். ஒரு தடவை வார்த்துவிட்டு, அச்சு ஆறும்வரை மிச்ச உருகலைச் சுடுநீரில் வைத்திருந்தேன். அந்த நேரத்துக்குள் பருக்கை எல்லாம் பாத்திரத்தின் அடியில் போய் இறங்கிவிட்டது. முதலில் வார்த்ததில் மருந்து குறைவு. கடைசியில் வார்த்ததில் அளவுக்கு மேல். ஒரே உறையில் கலந்து போட்டு, ஒரே மாதிரி பெயர் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து அவர் வந்தார்.

அவர்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய ஆட்கள். எழுபதுகளின் கலவரங்களுக்குப் பிறகு பொடியனாக வந்தவர் அவர். இங்கேயே ஆளாகி, இங்கேயே வயல் செய்து, போர் முடிய முள்வேலி முகாமுக்குள் இருந்து, திரும்ப வந்து அதே வயலைத் திருத்தியவர். ஆனாலும் பேச்சில் ‘ங்கோ’ வராது, ‘ங்க’தான் வரும். வன்னியில் சில காதுகளுக்கு அந்த ஒரு எழுத்துப் போதும்.

“ஒருநாளு புடிக்குதுங்க. ஒருநாளு ஒண்ணுமே இல்ல. வச்சும் வைக்காத மாதிரி. பகல் பூராவும் கத்திக் கொளறிக்கிட்டே இருக்கா” என்றார்.

தலைமை மருந்தாளர் தலையைத் தூக்காமலே கேட்டார். “ஒழுங்கா வைக்கிறீரோ?”

“நர்சு மிஸி சொல்லிக்குடுத்த மாதிரித்தாங்க வைக்கிறேன்.”

“மருந்து பழகிப் போச்சுது. இனி அப்பிடித்தான் சொல்லுவினம். கொண்டுபோம்.”

அவர் போன பிறகு, தலைமை மருந்தாளர் என்னைப் பார்த்து, “தோட்டக்காட்டுச் சனம், தொட்டதுக்கும் கத்திறதுதான் வேலை” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். நோயாளர் வாட்டிலிருந்து மருந்து எடுக்க வந்திருந்த தாதியும் சிரித்தா. அந்தத் தாதிதான் கிழமைக்கு ஒருமுறை, கணவர் கொண்டுவரும் கிளினிக் காட்டில், நோயாளியின் அந்த அட்டையில், குறிப்பு எழுதுகிறவ. அந்தக் கிழமை அவ எழுதியது: ‘நோவைக் கூட்டிச் சொல்கிறார்.’ அந்தக் காட் நோயாளியிடம் இருப்பது. கணவரும் வாசிப்பார், மகளும் வாசிப்பாள் என்று எழுதியவவுக்குத் தோன்றவில்லை.

நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்ததையே பெரிய நேர்மையாக அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

அடுத்த கிழமையும் அதே கதை. அதற்கு அடுத்த கிழமைதான் அவர் பிளந்த மருந்தோடு வந்தது. முதலில் ஒன்று உறை பிரிக்கும்போது முறிந்திருக்கிறது. முறிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தவர், சந்தேகப்பட்டு இன்னும் இரண்டைச் சவர பிளேட்டால் நெடுக்காகப் பிளந்திருக்கிறார். நுனிப்பக்கம் முழுக்கப் பருக்கை ஒதுங்கி, மண் படிந்ததுபோல் இருந்தது. மற்றப் பக்கம் வெறும் கொழுப்பு.

“நுனியில குருணை மாதிரி கெடக்குங்க. மருந்து இப்பிடித்தான் இருக்குமா? தெரியாமத்தான் கேக்குறேன்.”

அதற்குத்தான் அந்த ‘உமக்கு’.

“வெட்டின மருந்தைத் திருப்பி எடுக்கேலாது. உம்மட வீட்டில உருகி, திரும்ப இறுகியிருக்கு. அதுதான் அப்பிடி. இந்த வெயிலுக்குக் கண்ட இடத்தில வைச்சால் உருகாமல் என்ன செய்யும்?”

“உருகல்லைங்க. போத்தல்ல போட்டு, மூடி, கெணத்துத் தண்ணி மட்டத்துல கயித்துல தொங்கவிட்டிருக்கேன். எடுக்கிறப்ப கல்லு மாதிரித்தான் இருக்கும்.”

“எனக்குக் கதை சொல்லாதையும்.”

அவர் என்னைப் பார்த்தார். “புள்ள, நீங்க சொல்லுங்க. கெணத்துல உருகுமா?”

நான் மேசையைப் பார்த்தேன்.

தலைமை மருந்தாளர் முறைப்பாட்டுப் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினார். “எழுதும். வீட்டில் உருகியதால் பழுதடைந்தது எண்டு.” நான் எழுதினேன். கையெழுத்தும் வைத்தேன். என்னுடைய பெயர், என்னுடைய பதவி முத்திரை. அவர் புது உறை ஒன்றை வாங்கிக்கொண்டு, சேட்டுப் பைக்குள் வைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அந்த உறைக்குள் இருந்ததும் அதே மருந்துதான்.

அவர் கேற்றைத் தாண்டும் முன்பே நான் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 

அதே தடவை வார்த்ததில் ஆறு மிச்சம் இருந்தது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியை விட்டு ஒருநாளும் வெளியில் போகாதவை. மின்சாரம் போனாலும் ஜெனரேற்றரில் ஓடுகிற பெட்டி. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் எழும்பிப் போன பிறகு, ஆறையும் எடுத்துப் பிளேட்டால் பிளந்தேன். ஐந்தில் நுனியில் பருக்கை. அவற்றில் இரண்டில் அரைவாசி வரை பருக்கை. மிச்ச ஒன்றில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, சும்மா மஞ்சள் கொழுப்பு.

கிணற்றில் உருகவில்லை. எங்கும் உருகவில்லை. அது எங்கள் கையாலேயே அப்படிப் பிறந்த மருந்து.

பிறகு உடம்புச் சூட்டுக்குத் தண்ணீரைச் சூடாக்கி, ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் அடியை மூடுகிற அளவுக்கு விட்டு, பிளந்த ஒன்றை அதற்குள் போட்டேன். கொழுப்பு உருகி மேலே மிதந்தது. பருக்கை அடியில் போய்க் கிடந்தது. அரை மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படியே கிடந்தது. குவளையைச் சரித்தால் கடற்கரை மணல் மாதிரிப் பக்கத்துக்கு உருண்டது. இதுதான் அந்த அம்மாவின் உடம்புக்குள்ளும் நடந்திருக்கிறது. கொழுப்பு உருகிப் போயிருக்கிறது, மருந்து கரையாமல் கிடந்திருக்கிறது. அவ கத்திக் குளறியிருக்கிறா, நாங்கள் ‘கூட்டிச் சொல்கிறா’ என்று எழுதியிருக்கிறோம்.

தலைமை மருந்தாளர் திரும்பி வந்ததும் குவளையைக் காட்டினேன்.

“பாருங்கோ சேர். பிரிட்ஜில இருந்ததும் இப்பிடித்தான் இருக்கு. அந்த ஐயாவில பிழை இல்லை.”

அவர் குவளையைப் பார்த்தார். விளங்காத ஆள் இல்லை. முகத்தில் விளக்கம் வந்ததை நான் கண்டேன். வந்த விளக்கத்தை அவர் தள்ளி வைத்ததையும் கண்டேன்.

“உதைக் கழுவி வையும்” என்றார்.

“படிவத்தை மாத்தி எழுதவேணும், சேர்.”

“எழுதி? நீர்தானே இடிச்சது, நீர்தானே ஊத்தினது. கையெழுத்து ஆற்றை? யோசிச்சுக் கதையும் பிள்ளை. இல்லாத காலத்தில ஏதோ செய்து குடுத்தம். அதுக்கு மேல என்ன?”

யாருடைய கையெழுத்து என்ற அந்த ஒரு கேள்வியால் அவர் என்னைக் கட்டிப்போட்டார். நானும் கட்டுப்பட்டேன். எனக்கு முப்பத்திரண்டு வயது, வேலை நிரந்தரமாகி ஒரு வருசம். அப்போது அது பெரிய காரணமாகத் தெரிந்தது. இன்று அதைக் காகிதத்தில் எழுதும்போது எத்தனை சின்னதாக இருக்கிறது.

ஆனால் மருந்தைத் திரும்பச் செய்தேன். அவரிடம் கேட்கவில்லை. அன்று பின்னேரம் கடமை முடிந்த பிறகு உரலோடு உட்கார்ந்தேன். இடித்து, அரைத்து, உரலின் சுவரைச் சுரண்டி மறுபடி அரைத்து, தோள் கழன்று விழும்வரை அரைத்தேன். வைத்தியசாலையில் நல்ல அரிதட்டு இல்லை. புது நைலோன் துணி ஒன்றை வாங்கி, அவித்துக் காயவைத்து, வளையத்தில் இறுக்கிக் கட்டி அரித்தேன். முதல் தடவை ஆத்திரத்தில் அளவுக்கு மிஞ்சி நுணுக்கிவிட்டேன். கொழுப்பில் போட்டதும் கூழ்போல் தடித்து, அச்சின் குழிக்குள் இறங்காமல் கட்டிகட்டியாக நின்றது. அதையும் கொட்டிவிட்டு மறுநாள் திரும்பத் தொடங்கினேன். மாவுபோல் இருக்கவேண்டும், புகைபோல் அல்ல. உருகலை ஆறவிட்டு, இனி இறுகப் போகிறது என்கிற கட்டம்வரை கிண்டிக்கொண்டே இருந்து, ஒரே மூச்சில் வார்த்தேன். தூள் அடியில் இறங்க நேரம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வார்ப்பிலும் முதலாவதையும் கடைசியையும் பிளந்து பார்த்தேன். நுனியிலிருந்து அடிவரை ஒரே வெள்ளை. சுடுநீர்க் குவளையில் போட்டதும் தண்ணீர் பால்போல் கலங்கியது. அடியில் ஒன்றும் கிடக்கவில்லை.

சரியாக வந்த அந்தத் தடவைக்கு மொத்தம் இரண்டரை மணித்தியாலம். ஒரு மனுசியின் நோவுக்கு நாங்கள் செலவழிக்க மறுத்தது அந்த இரண்டரை மணித்தியாலம்தான்.

“ஓ, ஆராய்ச்சி நடக்குது” என்று மறுநாள் தலைமை மருந்தாளர் தாதியிடம் சொன்னார். 

கமக்காரர் வரும்வரை காத்திருக்க மனமில்லை. சனிக்கிழமை மத்தியானம் மருந்தை ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கரையோடு போகிற பாதை. காலபோக விதைப்புக்கு நிலம் உழாமல் கிடந்தது. உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை.

வீட்டுத் திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. முன்பக்கம் இறக்கிய தகரத்தின் கீழே, பிளாஸ்ரிக் கதிரையில் இரண்டு தலையணை அணைவு கொடுத்து அந்த அம்மாவை இருத்தியிருந்தார். படுத்தால் மூச்சு முட்டும். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு கையால் கதிரையின் கைப்பிடியைப் பிடித்திருந்தா. அந்தப் பிடியைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. நோவைக் கூட்டிச் சொல்லுகிற ஆள் அப்படிப் பிடிப்பதில்லை. அவ சத்தமே போடவில்லை. புது ஆள் வந்ததால் அடக்கிக்கொண்டிருந்தா.

“புது மருந்து வந்திருக்கு, அம்மா” என்றேன்.

அவர் உள்ளே கூட்டிப் போய் மருந்தை வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து இருத்தினார். நான் தேத்தண்ணி குடித்தேன். அவர் உரம் கிடைக்காததைப் பற்றியும் வவுனியாவில் கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற மகளைப் பற்றியும் கதைத்தார். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். கைப்பிடியை இறுக்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்வதைக் கண்டேன். பிறகு கை மடியில் விழுந்தது.

“இது புடிக்குதும்மா” என்றா. குரல் காற்றாகத்தான் வந்தது. “முந்தினது ஏன் புடிக்கல்ல?”

“அது வேற கொம்பனி, அம்மா.”

வாயில் வந்த பொய் அது. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நாங்கள் செய்த மருந்துக்கு ஏது கொம்பனி? அவ தலையாட்டினா. கணவரும், “நான் சொன்னேன்ல, கொம்பனி வேறயா இருக்கும்னு” என்றார். இரண்டு பேரும் என்னை நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு நான் சைக்கிள் ஏறி வந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் நானே செய்தேன். ஐந்து கிழமை. ஆறாவது கிழமை அவர் வரவில்லை. வாய்க்கால் பக்கத்திலிருந்து கிளினிக் வந்த ஒருவர் சொல்லித்தான் அவ இறந்தது தெரிந்தது. தூக்கத்திலேயே போனா என்று சொன்னார். கேட்டவர்கள், நல்ல சாவு என்றார்கள். பருக்கை மருந்தோடு கிடந்த முதல் மூன்று கிழமையைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

இரண்டு வருசம் கழிந்தது. மருந்து லொறிகள் ஓரளவு ஒழுங்காக வரத் தொடங்கின. பித்தளை அச்சு திரும்ப அலுமாரிக்குள் போனது. தலைமை மருந்தாளர் ஓய்வு பெற்றார். பிரியாவிடை வைத்தார்கள். வைத்தியசாலை மண்டபத்தில் பலூன், மாலை, ஒரு பெரிய கேக், ரோல்ஸ், பற்றிஸ். டொக்டர் பேசினார். தாதி ஒரு கவிதை வாசித்தா. கடைசியில் அவர் எழும்பினார்.

நன்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “கஷ்ட காலத்தை மறக்கேலாது. ஒரு மருந்தும் இல்லாத நேரம், நாங்கள் எங்கட கையாலேயே மருந்து செய்து சனத்தின்ர நோவைத் தீர்த்தம். அந்தத் திருப்தியோட போறன்” என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் எழும்புவேன் என்று எழும்பும்வரை எனக்கே தெரியாது.

“ஆற்றை நோவைத் தீர்த்தனீங்கள், சேர்?”

கைதட்டல் பாதியில் நின்றது.

“மூண்டு கிழமை ஒரு மனுசிக்குப் பருக்கையும் கொழுப்பும் குடுத்தம். அரிக்கக்கூட இல்லை. உங்களுக்குப் பெற்றோல் வரிசை. அந்த ஐயா வெட்டிக்கொண்டு வந்து காட்டினார். அவரை ஏசிக் கலைச்சனீங்கள். வீட்டில உருகினது எண்டு பொய் எழுத வைச்சனீங்கள். எழுதினது நான். அதையும் சொல்லுறன், எழுதினது நான்தான். ஆனால் நோவைத் தீர்த்தம் எண்டு மட்டும் சொல்லாதையுங்கோ.”

என் குரல் கீச்சென்று போனது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மாலையோடு நின்ற அவர் சிரிக்கப் பார்த்தார். “நல்ல நாளில இதென்ன கதை, பிள்ளை” என்றார். டொக்டர் தன் போனைப் பார்த்தார். யாரோ ஒருவர், “சரி சரி, கேக் வெட்டுவம்” என்றார். பாட்டுப் போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஒரு விசாரணை இல்லை, ஒரு கடிதம் இல்லை. மறுநாள் காலை தேத்தண்ணி நேரத்தில் தாதி என் பக்கத்தில் வந்து, “நீர் அப்பிடிச் சபையில சொல்லியிருக்கக் கூடாது” என்றா. சொன்னது பொய் என்று அவ சொல்லவில்லை. சபையில் சொன்னதுதான் பிழை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லவேண்டிய சபை அதுவல்ல. சொல்லவேண்டிய ஆளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அவர் வளவில் பயற்றங்கொடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து, கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அரிக்காதது, வார்த்தது, பிரிட்ஜில் இருந்ததைப் பிளந்து பார்த்தது, படிவம், கொம்பனி என்று சொன்ன பொய். எதையும் மென்மையாக்கவில்லை.

“நீங்கள் வைச்சதில பிழை இல்லை, ஐயா. கிணத்திலையும் பிழை இல்லை. மருந்தில பிழை. செய்த எங்களில பிழை.”

 அவர் கேட்டார்.

“அப்ப அவ நடிக்கல்லையா?”

“இல்லை, ஐயா.”

“நான் ஏசினேனே, புள்ள.” அவர் குரல் மாறிவிட்டது. “கிளினிக் காட்டுல எழுதியிருந்திச்சு, கூட்டிச் சொல்றாங்கன்னு. படிச்சவங்க எழுதினா சரியாத்தானே இருக்கும். மருந்து வச்சாச்சு, இன்னும் என்னத்துக்குக் கத்துறேன்னு ஏசினேன். வெட்டிக் காட்டிட்டுப் புது உறை வாங்கிப்போன மறுநாளு பொறுக்க ஏலாம வயலுக்குப் போயிட்டேன், அவள அப்பிடியே விட்டுட்டு. பொழுது சாயத்தான் வந்தேன். அன்னையிலேருந்துதான் அவ சத்தம் போடறத நிப்பாட்டினா. நான் மருந்து புடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.”



“ரெண்டு வருசமா ஏன் சொல்லல்ல நீங்க?” அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “அவ இருக்கிறப்ப வந்து இதே எடத்துல நின்னீங்கல்ல? தேத்தண்ணி குடிச்சீங்கல்ல? அப்ப சொல்லியிருந்தா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பேனே. மன்னிச்சுக்கன்னு கேட்டிருப்பேனே.”

அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்பதோடு, அவர் மன்னித்திருந்தால் எனக்கு அவர்மீதும் கோபம் வந்திருக்கும்.

சிறிது நேரம் பயற்றந்தடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார். வவுனியாவில் இருக்கும் மகளின் இலக்கத்தை அழுத்தினார்.

“மகளும் அம்மாகிட்ட கோவிச்சுக்கிட்டுத்தான் கடைசியா போனா. லீவு எடுத்து வந்தா இவ கத்திக்கிட்டே இருக்கான்னு. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்க சொல்லுங்க.”

போனை என் கையில் தந்தார். மறுமுனையில் ஒரு பெண், அப்பா என்று நினைத்து, சாப்பிட்டீங்களா என்று கேட்டாள். நான் யார் என்று சொன்னேன். பிறகு, அவருக்குச் சொன்ன அத்தனையையும், அதே ஒழுங்கில், திரும்பச் சொன்னேன்.  பின்னால் ஹொஸ்டலில் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் முடித்த பிறகும் அந்தச் சத்தம்தான் கேட்டது.

கடைசியில் அவள் கேட்டாள். “அப்ப அம்மாக்கு உண்மையிலேயே வலிச்சதா?”

“ஓம்” என்றேன். “உண்மையிலேயே வலிச்சது.”

அவள் போனை வைத்துவிட்டாள். நான் அதை அவரிடம் கொடுத்தேன். அவர் வாங்கி, சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, பயற்றங்கொடிப் பக்கம் திரும்பி நடந்தார்.